தாடியைப் பார்த்து எண்ணெய் வாங்காதீர்கள்

தாடி எண்ணெய் விஷயத்தில் போடிநாயக்கனூர்க் கடைத்தெருவும் சென்னையின் பெரிய கடைகளும் ஒரே கருத்தில்தான் இருக்கின்றன. சிலமலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் இளைஞருக்கும், சோழிங்கநல்லூரில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: உங்கள் தாடிக்கு என்ன தேவை என்று முதலில் பாருங்கள், அந்தத் தேவைக்குரிய எண்ணெயை வாங்குங்கள். அடர்த்தி போதவில்லை என்றால் வளர்ச்சி எண்ணெய். முடி முரடாக இருந்தால் மென்மையாக்கும் எண்ணெய். அரித்தால் டீ ட்ரீ ஆயில் கலந்தது, பொடுகு உதிர்ந்தால் வேம்பு கலந்தது, கல்யாண வீட்டுக்குப் போக சந்தன மணமுள்ளது. ஐந்து தேவை, ஐந்து குப்பி.

இந்தக் கருத்தின் பலம் எதில் இருக்கிறதோ அதையும் சொல்லிவிடுவோம். தாடியும் முடிதான், முடிக்கு எண்ணெய் வைப்பது நமக்குப் புதிதில்லை. எண்ணெய்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. விளக்கெண்ணெய் கெட்டி, பாதாம் எண்ணெய் இலேசு. ஆளுக்கு ஆள் தாடியும் வேறு. அப்படியானால் ஆளுக்கேற்ற எண்ணெய் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? கேட்கும்போது சரியாகவே படுகிறது. இதில் உண்மையும் உண்டு: எண்ணெய் முடியின் மேற்பரப்பை வழவழப்பாக்கும், தோலின் ஈரம் ஆவியாகிப் போவதைக் கொஞ்சம் தடுக்கும். எண்ணெயின் வேலை அவ்வளவுதான். அந்த ஒரு வேலையை ஐந்தாகப் பிரித்து விற்பதைத்தான் நான் மறுக்கிறேன். எண்ணெயைத் தீர்மானிக்க வேண்டியது தாடிக்கு அடியிலுள்ள தோலும் அந்தத் தோல் வாழும் வெயிலும் பனியும். தேவைப் பட்டியலில் பாதிக்கு எண்ணெய் பதிலே கிடையாது. ஒன்றிரண்டை அது இன்னும் மோசமாக்கும்.

1. எண்ணெய் தடவினால் தாடி வளரும் என்பதற்கு உடலில் எங்கே இடமிருக்கிறது? முகத்தின் பூனைமுடி தடித்துக் கறுப்பது ஆண் ஹார்மோனின் வேலை. குறிப்பாக, டெஸ்டோஸ்டிரோன் உடலுக்குள் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறினால்தான் தாடி முழுமையாக வரும். இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள ஆண்களைப் பற்றி டொமினிகன் குடியரசில் நடந்த ஆய்வு 1974-இல் வெளியானது. பருவம் வந்ததும் அவர்களுக்குக் குரல் உடைந்தது, தசை திரண்டது; தாடி மட்டும் சரியாக வரவில்லை. ஹார்மோன் சரியாக இருப்பவர்களிடையிலும் முடிவேர் அதற்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பது பரம்பரையைப் பொறுத்தது. ஜேம்ஸ் ஹாமில்டன் 1958-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் ஜப்பானிய ஆண்களின் தாடி ஐரோப்பிய வம்சாவளியினரின் தாடியைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் எண்ணெய் தடவாததால் வந்த குறை என்று யாரும் சொல்லவில்லை. வயதும் ஒரு காரணம்: பலருக்குக் கன்னத்துத் தாடி இருபதுகளின் பிற்பகுதிவரை நிரம்பிக்கொண்டே போகும். பத்தொன்பது வயதில் ஒரு குப்பியை வாங்கி இருபத்திரண்டு வயதில் நிறைந்த தாடியைப் பார்ப்பவர், நன்றியை யாருக்குச் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

வளர்ச்சி எண்ணெய்க் குப்பிகளில் அடிக்கடி தென்படும் இரண்டு பெயர்கள் ஹோஹோபா எண்ணெயும் பயோட்டினும். முடி வளர்ப்பதாகச் சொல்லிக் கடைகளில் நேரடியாக விற்கப்பட்ட பொருள்களை அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆராய்ந்து 1989-இல் ஓர் ஆணை போட்டது: மேலே பூசும் பொருள் எதற்கும் அந்த உரிமைகோரலுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று. பெயர் சொல்லி அது ஒதுக்கிய பொருள்களில் ஹோஹோபா எண்ணெயும் பயோட்டினும் இருக்கின்றன. 1989-லேயே முடிந்துபோன வழக்கு போடியில் புதுக் கண்டுபிடிப்பாக விலை போகிறது. பயோட்டினை மாத்திரையாக விழுங்குபவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டச் செய்யலாம் என்று அதே நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது.

“தடவினேன், ஒரு மாதத்தில் வளர்ந்தது” என்ற சாட்சியத்தை என்ன செய்வது? அந்த மாதத்தில் தடவாதவருக்கும் வளர்ந்தது என்பதே பதில். தாடி நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் மழிக்காமல் இருக்கும் சாமிகளைப் பாருங்கள். கம்பம், குமுளி வழியாக ஆண்டுதோறும் எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள்! அவர்கள் முகத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத தாடி இருக்கும், வளர்ச்சி எண்ணெயின் வாசமே படாமல். எண்ணெய் வாங்கியவரும் அதே காலத்துக்கு ட்ரிம்மரைக் கீழே வைத்துவிடுகிறார். குட்டையாக வெட்டிய முடி நீண்டு மடங்கும்போது திட்டுகளை மூடிக்கொள்கிறது, அடர்த்தி கூடியதாகத் தெரிகிறது. எண்ணெய் பட்டதும் முடி கறுத்து மின்னுவதால் கண்ணாடியும் அதற்கு ஒத்துப் பேசுகிறது. மழிக்க மழிக்க முடி தடிக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இதே கண்மயக்கம்தான். மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-லேயே ஆண்களின் முகமுடியை அளந்து அதைப் பொய்யாக்கிவிட்டார்.

2. ஐந்து தேவைக்கு ஐந்து எண்ணெய் என்றால் ஐந்து குப்பிக்குள்ளும் வேறுவேறு சரக்கு இருக்க வேண்டும் அல்லவா? குப்பியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவதே முறை. பெரும்பாலும் முதல் மூன்று நான்கு இடங்களில் இனிப்புப் பாதாம், ஹோஹோபா, சூரியகாந்தி, ஆமணக்கு என்ற அதே குடும்பம்தான் இடம் மாறி நிற்கும். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வெங்காயமும் ரோஸ்மேரியும் வேம்பும் பின்பக்க வரிசையின் வாலில் தொங்கும். விற்பவருக்கு ஒரே கலவையை ஐந்து பெயரில் விற்பது இலாபம். வாங்குபவருக்கு அதில் என்ன கிடைக்கிறது?

எண்ணெய்களுக்குள் உண்மையான வேறுபாடுகள் உண்டு; ஆனால் அவை குப்பியின் முன்பக்கம் சொல்லும் வேறுபாடுகள் இல்லை. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகவே முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதைச் செய்யவில்லை என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. செய்தவர்கள் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அதாவது பாராசூட் தேங்காயெண்ணெய்க்காரர்கள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். (அதே மாரிகோ 2017-இல் பியர்டோ என்ற தாடிப்பொருள் நிறுவனத்தில் 45 சதவீதப் பங்கை வாங்கி, 2020-இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குத் தேங்காயெண்ணெய் தருபவரும் மகனுக்குத் தாடி எண்ணெய் தருபவரும் ஒருவரே.) சரி, அப்படியானால் தாடிக்கும் தேங்காயெண்ணெயா? முடிக்கு நல்லது, ஆனால் முகத்தோலின் துளைகளை அடைத்துப் பரு கிளப்பும் எண்ணெய்களில் அது முன்வரிசை. எண்ணெய் வழியும் முகம் கொண்டவர் தாடிக்கு நன்மை செய்யப்போய்த் தாடைக்குத் தீமை செய்துகொள்வார். தாடியின் தேவையை மட்டும் பார்ப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

விளக்கெண்ணெயின் கதை வேறு. அதில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம். அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. “கெட்டி எண்ணெய், கெட்டித் தாடி” என்ற கணக்கில் ஊர்ப்பக்கம் அதைத் தனியாகவே பூசுகிறார்கள். முடியை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆய்வு கிடையாது. மாறாக, விளக்கெண்ணெய் வைத்துக் குளித்த ஓர் இளம்பெண்ணின் கூந்தல் பிரிக்க முடியாத சடையாக உறைந்துபோய், வெட்டியெடுப்பதைத் தவிர வழியில்லாமல் போனதை 2017-இல் ஒரு முடியியல் இதழ் பதிவுசெய்திருக்கிறது. அரிதான நிகழ்வுதான். ஆனால் கிடைக்கும் என்று சொல்லப்படும் நன்மைக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

3. பொடுகுக்கும் எண்ணெய் என்பது இந்தக் கருத்தின் மிக மோசமான கிளை. தாடிக்குள் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தால் “தோல் வறண்டுவிட்டது, எண்ணெய் போடு” என்பதே எல்லோரும் சொல்வது. பெரும்பாலான நேரம் அது வறட்சி அன்று. மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோர் தோலிலும் வாழ்கிறது. அதற்குச் சாப்பாடே கொழுப்புதான். பதினொன்று முதல் இருபத்துநான்கு கார்பன்வரை நீளமுள்ள கொழுப்பமிலங்களைத் தின்று அது பெருகும். ஆலிவ், பாதாம், ஆமணக்கு, நல்லெண்ணெய் என்று நாம் தடவும் அநேக எண்ணெய்களின் கொழுப்பமிலங்கள் அந்த வரம்புக்குள்தான் வருகின்றன. பூசிய முதல் நாள் செதில் நனைந்து படிந்துவிடும், அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும். பத்து நாளில் மூக்கோரமும் புருவமும் சிவந்து செதில் கூடும். அதற்கும் இன்னும் கொஞ்சம் எண்ணெய். தீனி போட்டுப் பகையை வளர்ப்பது என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. இதற்கு வேண்டியது கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்பூ. தாடியில் நுரைக்க விட்டுச் சில நிமிடம் கழித்துக் கழுவ வேண்டும். மருந்துக்கடையில் கிடைப்பதுதான்.

அரிப்பும் ஒரே வகை இல்லை. மழித்து ஓரிரு வாரத்தில் வருவது, வெட்டுப்பட்ட முடிநுனி தோலைக் குத்துவதால். சுருட்டை முடிக்காரர்களுக்கு நுனி வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து கட்டியாகும். இதில் முதல்வகைக்கு எண்ணெய் கொஞ்சம் உதவும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டமாகப் படர்ந்து ஓரம் தடித்துச் சிவந்து அரிப்பது படர்தாமரை. அதன்மேல் எண்ணெய் தேய்த்தால் நோயைப் பக்கத்துக்குப் பரப்பியதாகும். தாடிக்குள் வேரோடு இறங்கிய படர்தாமரைக்குப் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படும். காசு அளவு வட்டத்தில் முடி வழுவழுவென்று கொட்டிப்போவதை நம் பக்கம் புழுவெட்டு என்பார்கள். எந்தப் புழுவும் வெட்டவில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே முடிவேரைத் தாக்குகிறது. பலருக்கு அது தானாகவே திரும்ப முளைக்கும், அந்தப் புகழும் கையில் இருந்த எண்ணெய்க்குத்தான் போகும். முளைக்காதவர்கள் குப்பி மாற்றிக் குப்பியாகப் பூசி, தோல் மருத்துவரிடம் போக வேண்டிய மாதங்களைத் தொலைக்கிறார்கள். எண்ணெயின் விலையை நான் பொருட்படுத்தவில்லை. இந்தத் தாமதத்தின் விலைதான் அதிகம்.

4. “இயற்கையானது, கெடுதி செய்யாது” என்பவர்கள் ஏலக்காயிலிருந்தே தொடங்கட்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கும் ஊர் போடி. ஏலக்காயின் வாசத்துக்குக் காரணமான சினியோலும் டெர்பினைல் அசிட்டேட்டும் இங்கே காற்றிலேயே இருக்கின்றன. அந்த ஏலக்காயை வடித்தெடுத்த தைலம் தாடி எண்ணெயிலும் சேர்க்கப்படுகிறது. பாயசத்துக்கு ஒரு சிட்டிகை என்பது வேறு, வடித்த தைலத்தை நாள் முழுக்க முகத்தில் வைத்திருப்பது வேறு. டீ ட்ரீ, எலுமிச்சை, லாவண்டர் தைலங்கள் காற்றுபட்டுப் பழசாகும்போது அவற்றின் சேர்மங்கள் ஒவ்வாமை கிளப்பும் பொருள்களாக மாறுகின்றன. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லிக் குப்பியில் எழுத வேண்டும் என்று 2003-இல் விதித்தது, 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டியது. பெர்கமாட் தைலத்துக்கு இன்னொரு குணம்: அதைப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கும். சிலமலை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நேர்மாறாக, “பெட்ரோலியக் கழிவு” என்று ஏசப்படும் சுத்திகரித்த மினரல் எண்ணெய் மலசேசியாவுக்குத் தீனியாவதில்லை, ஒவ்வாமையும் அபூர்வம். பிறந்த குழந்தைக்கு அதைத் தடவிவிட்டு, தன் தாடிக்கு மட்டும் ரசாயனம் வேண்டாம் என்பவர்களின் தர்க்கம் எனக்குப் பிடிபடவில்லை.

5. “பாட்டன் பூட்டன் காலத்து எண்ணெய்ப் பழக்கத்தையே குறை சொல்கிறாயா?” இல்லை. அந்தப் பழக்கத்தை இவர்கள் முழுதாகச் சொல்வதில்லை என்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தவர்கள் சற்று நேரம் ஊறி, சீயக்காயோ அரப்போ போட்டு அன்று காலையிலேயே தேய்த்துக் கழுவினார்கள். இன்றைய தாடி எண்ணெய் காலையில் பூசி இரவுவரை முகத்தில் கிடப்பது. புழுதி, வியர்வை, ஜீப்பின் பின்புறப் புகை எல்லாம் அதில் ஒட்டும். முன்னோர் செய்ததில் பாதியை எடுத்துக்கொண்டு கழுவும் பாதியை விட்டுவிட்டு அதற்கு மரபு என்று பெயர் வைக்கக் கூடாது.

6. “மினாக்சிடில் போட்டவனுக்கு வளர்ந்திருக்கிறதே?” வளரும். தாய்லாந்தில் 48 ஆண்களை வைத்து நடந்த சோதனையில் 3 சதவீத மினாக்சிடில் தாடியைக் கூட்டியதாக 2016-இல் வெளியிட்டார்கள். ஆனால் மினாக்சிடில் எண்ணெய் இல்லை. ரத்த அழுத்தத்துக்குக் கண்டுபிடித்து, 1988-இல் அமெரிக்காவில் தலை வழுக்கைக்கு அனுமதி பெற்ற மருந்து. தாடிக்கு அதற்கு அனுமதி கிடையாது. படபடப்பு, தோல் எரிச்சல், வறட்சி வரலாம். அப்பாவின் தோலிலிருந்து மருந்து ஒட்டிக் கைக்குழந்தையின் உடலில் முடி முளைத்த நிகழ்வுகள் ஸ்பெயினில் பதிவாகியிருக்கின்றன. பூனைக்கு அது விஷம். ஒருவர் மினாக்சிடிலையும் வளர்ச்சி எண்ணெயையும் சேர்த்துப் பூசி, படத்தைக் காட்டி எண்ணெயைப் புகழ்ந்தால் அந்தச் சாட்சியம் எதற்குச் சாட்சியம்?

7. “யாரோ ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், உனக்கு என்ன?” என்பது கடைசிக் கேள்வி. ஆசைக்கு விற்றால் எனக்கு ஒன்றுமில்லை, பொய்க்கு விற்கிறார்கள். நம் சட்டப்படி அழகுப்பொருள் என்பது சுத்தம் செய்யவும் அழகூட்டவும் தோற்றத்தை மாற்றவும் பயன்படுவது. புது முடி முளைக்கச் செய்வதாக ஒரு மருந்துகூட உரிமைகோரக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. மருந்து சொல்லக் கூடாததை எண்ணெய்க் குப்பி சொல்லிக்கொண்டிருக்கிறது. திருச்சூரில் ஒருவர் 2012-இல் விளம்பரத்தை நம்பி ஒரு முடிக்கிரீம் வாங்கினார். வளரவில்லை, வழக்குப் போட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையம் அந்த நிறுவனமும் விளம்பரத்தில் வந்த நடிகர் அனூப் மேனனும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் அது செய்தியானது. அந்தப் பொருளைத் தான் பயன்படுத்தியதில்லை என்று நடிகரே வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். தாடிக்கு இப்படி ஒரு வழக்கு போட நம்மில் யாரையும் வெட்கம் விடாது. அந்த வெட்கமும் விற்பவருக்கு மூலதனம்.

அப்படியானால் எதை வாங்குவது? தோலைக் கேளுங்கள். முகம் எண்ணெய் வழிகிறது, பரு வருகிறது என்றால் ஒன்றும் வேண்டாம். வேண்டியே தீர வேண்டுமானால் ஹோஹோபா இரண்டு மூன்று சொட்டு. அது கொழுப்பு எண்ணெய் அன்று, திரவ மெழுகு. நம் தோல் சுரக்கும் எண்ணெயிலும் ஏறத்தாழ கால்பங்கு அந்த வகை மெழுகுதான். செதில் இருந்தால் முதலில் ஷாம்பூ, செதில் அடங்கிய பிறகே எண்ணெய். தோல் வறண்டிருந்தால், பருவும் இல்லையென்றால், தேங்காயெண்ணெயே போதும்: குளிப்பதற்கு அரைமணி முன்னால் பூசிக் கழுவிவிடலாம். மார்கழியில் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே தங்கி வேலை செய்பவருக்கு அது குப்பியிலேயே உறைந்திருக்கும், ஏனெனில் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டி. அங்கே பாதாமோ மினரல் எண்ணெயோ வசதி. எதுவானாலும் வாசனை இல்லாதது, ஈரத் தாடியில், சில சொட்டு. புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஏலமலை ஆண்களுக்கு இன்னொரு தேவை உண்டு. எந்தக் குப்பியும் அதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஏலச்செடிக்கு இலைப்பேனும் தண்டுதுளைப்பானும் விடாத பகை, அதனால் மருந்தடிப்பும் விடாத வேலை. நச்சு மருந்து அடிக்கும்போது போடும் சுவாசக் கவசம் முகத்தோலில் இறுகப் படிந்தால்தான் காக்கும். இடையில் தாடி இருந்தால் படியாது, காற்று பக்கவாட்டில் நுழையும். எண்ணெய் தடவிய தாடியானாலும் அப்படியே. துண்டைச் சுற்றிக்கொள்வது கவசமே ஆகாது. அந்த வேலைக்குப் போகிறவர் கவசத்தின் விளிம்பு படும் இடமெல்லாம் மழித்துவிட வேண்டியதுதான். மீசை கவசத்துக்குள் அடங்கினால் அதை வைத்துக்கொள்ளலாம்.